வலிக்கும் கொழுப்பு

சில ஸ்திரீகளின் தேகத்தை இடுப்புக்கு மேலே நோக்கினால் ஒரு விதமாகவும், இடுப்புக்குக் கீழே நோக்கினால் முற்றும் வேறு விதமாகவும் இருக்கும். முகம் ஒடுங்கி, கழுத்தெலும்பு தெரிய, தோளும் இடையும் அளவோடு அமைந்திருக்க, இடுப்பிலிருந்து கணுக்கால் வரையில் மட்டும் இரண்டு கால்களும் ஒன்றுபோலவே பருத்து, உடம்பின் மற்றப் பாகங்களோடு சம்பந்தமில்லாதவைபோல் நிற்கும். மேலுக்கும் காலுக்கும் ஒரே அளவில் சேர்த்து விற்கிற சுடிதாரை இவர்கள் வாங்க இயலாது. மேலே பொருந்துவது தொடையில் ஏறாது, தொடையில் ஏறுவது தோளிலிருந்து நழுவும். இன்னும் விசித்திரம், அந்தப் பருமன் பாதத்துக்கு இறங்குவதில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு விளிம்பு கட்டி அது நின்றுவிடும். விளிம்புக்குக் கீழே பாதம், எலும்பும் நரம்பும் தெரிகிற பழைய பாதமாகவே இருக்கும். கொலுசு அணிந்தால் அது அந்த விளிம்பின் மடிப்புக்குள் போய் மறைந்துகொள்ளும்.

இவ்வளவும் பிறர் கண்ணுக்குப் புலனாவது, புலனாகாதது வலி. குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் தாய் முகம் சுளிக்கிறாள். கையிலும் இந்த வலி இருந்தால், ரத்த அழுத்தம் பார்ப்பதற்காகப் புஜத்தில் பட்டை சுற்றிக் காற்றடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். எங்கே இடித்துக்கொண்டோம் என்ற ஞாபகமே இல்லாமல் தொடையில் ரத்தம் கட்டி நீலம் பாரித்திருக்கிறது. பொழுது சாயச் சாயக் கால் கனத்து, மாடிப்படியில் தன் காலைத் தானே தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலைக்கு வைத்திய சாஸ்திரம் லிப்பெடீமா என்று பெயரிட்டிருக்கிறது. ஏறக்குறைய முழுவதும் ஸ்திரீகளுக்கே வரும் வியாதி இது. ஆண்களிடம் காணப்படுவது மிக அபூர்வம்.

அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்து ரோச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில், எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் 1940ஆம் வருஷத்தில் முதன்முதலாக இதைத் தனியொரு வியாதியென்று இனங்கண்டு எழுதினார்கள். 1951இல் வோல்ட் என்ற மற்றொரு வைத்தியரோடு சேர்ந்து, 119 நோயாளிகளைப் பரீட்சித்து அறிந்த விவரங்களை அவர்கள் விரிவாக வெளியிட்டார்கள். கால்கள் இரண்டும் சமமாகப் பருப்பது, பாதம் தப்பிவிடுவது, தொட்டால் நோவது, குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ அதே தோற்றம் இருப்பது என்று அவர்கள் குறித்துவைத்த லக்ஷணங்களில் பெரும்பாலானவற்றை இன்றைய வைத்தியரும் அப்படியே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிடும் வியாதிப் பட்டியலில் லிப்பெடீமாவுக்குத் தனியிடம் கிடைத்தது, அந்தப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தபோதுதான். இடையில் எண்பது வருஷங்களுக்கு மேல் கடந்துபோயின.

அந்த எண்பது வருஷங்களும், அவற்றுக்குப் பிறகு இன்று வரையிலும், இந்த வியாதியுள்ள பெண் வைத்தியரிடம் போனால் பெரும்பாலும் கேட்கிற பேச்சு ஒன்றே: "சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதாம்மா? தினம் அரைமணி நடந்தால் என்ன?" அவள் குறைத்துத்தான் பார்த்திருக்கிறாள், நடந்தும் பார்த்திருக்கிறாள், ஒருவேளைச் சோற்றை நிறுத்தி, அரைவயிற்றோடு மாதக்கணக்கில் இருந்து, முகம் வாடி, கன்னம் குழிந்து, கால் மட்டும் இருந்தபடியே இருப்பதைக் கண்ணாடியில் கண்டிருக்கிறாள். வியாதியொன்றை நடத்தைக் குற்றமாக்கி, அதை நோயாளியின் தலையிலேயே கட்டிவிடுவதைப் போன்ற கொடுமை வைத்தியத்தில் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தக் கட்டுரையில் ரண சிகிச்சையைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொல்லப்போகிறேன். ஆனால் அந்த நோயாளியின் சொல்லை முதலில் நம்புவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

தோலுக்கு அடியிலுள்ள கொழுப்புத் திசுவில் என்னதான் நேர்கிறது? கொழுப்பு அணுக்கள் சாதாரண அளவைக் கடந்து பருக்கின்றன; அவற்றுக்கிடையே ஓடும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் எளிதில் உடைகிறவையாகவும் கசிகிறவையாகவும் ஆகின்றன; அழற்சியின்போது வந்து கூடும் அணுக்கள் அங்கே குடியேறுகின்றன; அணுக்களைப் பிணைத்து நிற்கும் நார்த்திசு தடித்து, விரலால் தடவிப் பார்த்தால் அரிசிமணி அளவிலும் பட்டாணி அளவிலும் சிறு முடிச்சுகளாகத் தட்டுப்படுகிறது. உடையும் குழாய்களால் ரத்தம் கட்டுகிறது. கசிவாலும் அழற்சியாலும் வலியும் கனமும் உண்டாகின்றன என்று கருதப்படுகிறது. இந்த மாறுதல் பெண்ணின் ஆயுளில் எந்தெந்தக் காலத்தில் தலைகாட்டுகிறது என்று பார்த்தால், பருவமடையும் காலம், கர்ப்ப காலம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று மூன்றே சந்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகையால் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். பரம்பரையும் தெளிவாகத் தெரிகிறது. 2020இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு குடும்பத்தில் ஹார்மோன்களைச் சிதைக்கும் என்ஸைம் ஒன்றின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். எனினும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. ரத்தப் பரிசோதனையாலோ படமெடுப்பதாலோ இதை ஊர்ஜிதப்படுத்தவும் வழியில்லை. வைத்தியர் கேட்டும் பார்த்தும் தொட்டுமே தீர்மானிக்க வேண்டும். மற்றப் பரிசோதனைகளெல்லாம் வேறு வியாதிகள் இல்லையென்று விலக்குவதற்காகத்தான்.

அப்படி விலக்க வேண்டியவற்றுள் நம் தேசத்தில் முதலில் நினைவுக்கு வருவது யானைக்கால் நோய். கொசுவின் மூலம் பரவும் புழு நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைக் கெடுப்பதால் வருகிற அந்த நோயை நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்கள். ஆதலால் பருத்த கால் எதைக் கண்டாலும் அந்தப் பெயரே நாவில் வருகிறது. அப்பெயரின் கூடவே ஒரு பயமும் அருவருப்பும் வந்து, கலியாணப் பேச்சுவரை தொடர்ந்து, அந்த நோயே இல்லாத ஒருத்தியின் வாழ்வைக் குலைத்துவிடுகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று. யானைக்கால் நோயிலும் மற்ற நிணநீர் வீக்கங்களிலும் பெரும்பாலும் ஒரு கால் மற்றொன்றைவிட அதிகமாக வீங்கும். பாதமும் விரல்களும் வீக்கத்தில் சேரும். லிப்பெடீமாவில் இரு கால்களும் சமமாயிருக்கும், பாதம் மெலிந்திருக்கும்.

ஸ்டெம்மர் என்ற வைத்தியர் 1976இல் சொன்ன சோதனையொன்றை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாவது கால்விரலின் அடிப்பாகத்தில், மேற்புறத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளித் தூக்க வேண்டும். தோல் மடிந்து எழும்பினால் நிணநீர் வீக்கமாக இருப்பதற்கு இடம் குறைவு. எழும்பாமல் தடித்து எலும்போடு ஒட்டி நின்றால் அது நிணநீர் வீக்கம். இருதயம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் கோளாறுகளாலும், காலின் ஆழத்திலுள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதாலும் கால் வீங்குவதுண்டு. திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், எந்தச் சோதனையும் செய்துகொண்டிராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைத்தியர்கள் இந்த வியாதியை மூன்று படிகளாக வகுப்பது வழக்கம். முதற்படியில் தோல் மழமழவென்றே இருக்கும், உள்ளே முடிச்சுகள் மட்டும் தட்டுப்படும். இரண்டாவதில் தோல் மேடும் பள்ளமுமாகும். மூன்றாவதில் கொழுப்பு மடல் மடலாகத் தொங்கி, முழங்காலின் உட்புறத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து நடையையே மாற்றிவிடும். இந்தக் கொழுப்பின் பாரத்தில் நிணநீர்க் குழாய்களும் தளர்ந்துபோனால், கடைசியில் உண்மையான நிணநீர் வீக்கமும் வந்து சேருகிறது. அப்போது பாதமும் தப்புவதில்லை. ஆனால் படியைக் கொண்டு துன்பத்தை அளந்துவிடக் கூடாது. முதற்படியிலுள்ள ஒருத்தி வலியால் தூக்கமின்றித் தவிக்க, மூன்றாம் படியிலுள்ளவள் சுமாராக நடமாடுவதுண்டு. 2024இல் வெளியான ஜெர்மானிய வைத்தியர்களின் நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்லி, வலியில்லாத பருமனை லிப்பெடீமா என்று அழைப்பதே பிசகு என்றும் வரையறுத்திருக்கிறது.

ஆகார விஷயத்தில் இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை விட்டாலும் அபாயம். லிப்பெடீமாவின் கொழுப்பு பட்டினிக்கு எளிதில் இணங்குவதில்லை என்பது முதலாவது. உணவைக் குறைத்தால் முகமும் மார்பும் வயிறும் முன்னே மெலிகின்றன. கால் கடைசியில், அதுவும் அற்பமாகவே இளைக்கிறது. உடம்பின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் உள்ள பேதம் முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது. உடல்பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ரண சிகிச்சை செய்துகொண்டு எடை வெகுவாக இறங்கிய பிறகும், காலின் வலி மட்டும் நீடித்த நோயாளிகள் இருக்கிறார்கள். சாதாரண உடல்பருமனும் இந்த வியாதியோடு கூட வருவது மிகச் சகஜம் என்பதும், அப்படி வந்தால் அது கால்வலியையும் முழங்கால் தேய்மானத்தையும் நிணநீர்த் தளர்ச்சியையும் அதிகமாக்கும் என்பதும் இரண்டாவது. ஆகவே, "இது வியாதி, ஆகாரத்தால் ஆவதொன்றுமில்லை" என்று கைவிடுவதும் தவறு. "ஆகாரத்தைக் கட்டினால் கால் இளைக்கும்" என்று வாக்குக் கொடுப்பதும் தவறு. சர்க்கரையையும் பொரித்த தின்பண்டங்களையும் மாவுப் பண்டங்களையும் குறைத்து, எடை ஏறாமல் காத்துக்கொள்வது நியாயமான லட்சியம். மாவுச்சத்தை மிகவும் குறைத்த உணவால் வலி தணிகிறதாகச் சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வைத்தியரின் மேற்பார்வையில் அதைச் செய்து பார்க்கலாம். நீர் மாத்திரைகளால் பிரயோஜனம் இல்லை. அவை நீரை இறக்கும், கொழுப்பை இறக்கமாட்டா.

ரண சிகிச்சையல்லாத உபாயங்களில் பிரதானமானது இறுக்கமான காலுறை. வெரிகோஸ் வெயினுக்கென்று மருந்துக்கடையில் கிடைக்கிற மெல்லிய, வழவழப்பான ஸ்டாக்கிங் இதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது. அது மடிப்புகளுக்குள் சுருண்டு, கயிறுபோல் அறுத்து, இன்னும் வேதனையைத் தரும். ஒவ்வொருவருடைய கால் அளவையும் பல இடங்களில் எடுத்து, சற்று முரடாகவும் தடிப்பாகவும் பின்னப்படும் காலுறையே மடிப்பின் மேல் நிலைத்து நிற்கும். அது கொழுப்பைக் கரைப்பதில்லை. ஆனால் அணிந்திருக்கும் நேரத்தில் வலியையும் கனத்தையும் குறைக்கிறது. சித்திரை வெயிலில் அதை நாள் முழுதும் அணிந்திருக்கச் சொல்வது எவ்வளவு கடுமையான உபதேசம் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். காலையின் குளிர்ந்த நேரத்திலும், நெடுநேரம் நிற்க நேரும் வேலையின்போதும், பிரயாணத்தின்போதும் மட்டுமாவது அணிவது ஒன்றும் அணியாததைவிட எவ்வளவோ மேல். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோட்டர் 1930களில் வகுத்த, தோலை மிக மென்மையாகத் தடவி நிணநீரை நகர்த்தும் முறையும் சிலருக்கு வலியைத் தணிக்கிறது. அழுத்திப் பிடித்துவிடும் சாதாரண எண்ணெய் மஸாஜ் இதற்கு நேர்விரோதமானது. அது ரத்தம் கட்டவே செய்யும்.

தேகப்பயிற்சிகளில் நீச்சலும், கழுத்தளவு தண்ணீரில் நடப்பதும் சிரேஷ்டமானவை. தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் முழங்காலுக்குப் பாரம் குறைகிறது. ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடுவதால், காலுறை செய்கிற வேலையைக் குளமே செய்துவிடுகிறது. ஆனால் நீச்சல் உடையில் பிறர் முன்னே நிற்பதற்கு இவர்களுக்கு வரும் கூச்சம், எந்த வைத்தியரின் சீட்டாலும் தீர்வதன்று. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் நீச்சல் குளங்களின் அருமை அப்போது தெரியும்.

இனி ரண சிகிச்சை. தோலில் சிறு துளையிட்டு, குழாயின் வழியே கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைபோசக்ஷன், அழகுக்காகப் பிறந்த வித்தை. 1970களில் ரோமாபுரியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் இதற்கான கருவிகளைச் செய்தார்கள். 1977இல் பாரிஸில் இல்லூஸ் என்ற வைத்தியர், முதுகில் இருந்த கொழுப்புக் கட்டியைப் பெரிய வடு விழாமல் நீக்கவேண்டுமென்று கேட்ட ஒரு நடிகைக்கு, மழுங்கிய முனையுள்ள குழாயைச் செலுத்திக் கட்டியை உறிஞ்சியெடுத்து, அம்முறையைப் பிரபலமாக்கினார். அக்காலத்து முறையில் ரத்தச் சேதம் அதிகம்; நிணநீர்க் குழாய்களும் அறுபட்டன; ஏற்கனவே நிணநீர் ஓட்டம் தளர்ந்திருக்கக்கூடிய காலில் இதைச் செய்வது விவேகமன்று என்று வைத்தியர்கள் ஒதுங்கியிருந்தது நியாயமே. நிலைமையை மாற்றியவர் கலிஃபோர்னியாவின் தோல் வைத்தியர் ஜெஃப்ரி க்ளைன். உப்புநீரில் லிடோகேயின் என்னும் மரப்பு மருந்தை மிகவும் நீர்த்த அளவிலும், ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் அட்ரினலினைச் சொற்பமாகவும் கலந்து, அந்தத் திரவத்தைக் கொழுப்புப் படலத்துக்குள் ஏராளமாகச் செலுத்தி, அது உப்பி இறுகி மரத்த பிறகே உறிஞ்சலாம் என்று அவர் 1987இல் எழுதினார். மயக்க மருந்து இல்லாமலேயே, நோயாளி விழித்திருக்கும்போதே, ரத்தச் சேதம் வெகு சொற்பமாகச் செய்து முடிக்கக்கூடிய முறை இது.

ஜெர்மானிய வைத்தியர்கள் 1990களின் இறுதியிலிருந்து இம்முறையை லிப்பெடீமாவுக்குப் பிரயோகித்தார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டரே கனமுள்ள மழுங்கிய குழாய், மோட்டாரின் அதிர்வினாலோ நீர்த் தாரையின் வேகத்தினாலோ கொழுப்பைப் பிரித்துக்கொண்டு முன்னேறுகிறது. தேர்ந்த கையை அது போகும் திசையில் அறியலாம். நிணநீர்க் குழாய்கள் காலில் நெடுக்காக ஓடுகின்றன. ஆகவே குழாயும் காலின் நீளவாக்கிலேயே போய்வர வேண்டும். குறுக்கே, முக்கியமாக முழங்காலின் உட்புறத்தில் குறுக்கே செலுத்துகிறவர் நிணநீர் ஓட்டத்தை அறுத்துவிடக் கூடும். அழகுக்காகச் செய்கையில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எடுத்தால் போதும். இந்த வியாதியிலோ காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் எடுக்கவேண்டியிருப்பதால், ஒரே நாளில் முடிக்க முடியாது. கெண்டைக்கால் ஒரு தடவை, தொடையின் முன்புறம் ஒரு தடவை, பின்புறம் மற்றொரு தடவை என்று வாரக்கணக்கான இடைவெளி விட்டுப் பல அமர்வுகளாகச் செய்கிறார்கள். லூபெக் நகரத்து வைத்தியர்கள் 2012இல் வெளியிட்ட 112 நோயாளிகளின் விவரத்தில், எல்லா அமர்வுகளிலும் சேர்த்து ஒருவருக்குச் சராசரி பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு எடுக்கப்பட்டிருக்கிறது.

சிகிச்சை முடிந்த முதல் ஓரிரு தினங்களுக்குத் துளைகளின் வழியே இளஞ்சிவப்பான திரவம் கசிந்துகொண்டே இருக்கும். மெத்தையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய துண்டுகளும் பரப்பிக்கொள்ளச் சொல்கிறார்கள். நோயாளி அன்றைக்கே எழுந்து சிறிது நடக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அதுவே முதல் மருந்து. இறுக்கமான காலுறையை இரவும் பகலுமாகப் பல வாரங்கள் அணிந்திருக்க வேண்டும். ரத்தக் கட்டும் மரத்த உணர்ச்சியும் மெல்ல மெல்ல மறைந்து, இறுதி உருவம் அமைய ஆறு மாதம் போலாகும். மிகவும் முற்றிய நிலையில், கொழுப்பை எடுத்தபின் தொங்கும் தோலையும் மடல்களையும் கத்தியால் வெட்டி நீக்கித் தைக்கும் வேறொரு சிகிச்சையும் தேவைப்படலாம்; அதில் வடு பெரிது, புண் ஆறுவதும் தாமதம், நிணநீர்ச் சேதத்துக்கும் இடமுண்டு; அதை லேசாக எண்ணிவிடக் கூடாது.

அபாயங்களைச் சொல்லாமல் விடுவது துரோகமாகும். லிடோகேயின் ரத்தத்தில் அதன் உச்ச அளவை அடைவது சிகிச்சை நடக்கும்போதன்று, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்தே; நோயாளி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு உதடு மரத்து, காதில் இரைச்சல் கேட்டு, தலை சுற்றினால் அது விஷம் ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம்; தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். உடம்பின் நீர் அளவு குலைவது, கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பது, கால் குழாயில் ரத்தம் உறைவது ஆகியவையும் அபூர்வமாக நேரக்கூடியவை. இக்காரணங்களையும், அதுவரை வந்த ஆராய்ச்சிகளின் பலவீனத்தையும் எடைபோட்டு, இங்கிலாந்தின் வைத்திய முறைகளை மதிப்பிடும் நைஸ் என்னும் ஸ்தாபனம் 2022 மார்ச்சில், இந்தச் சிகிச்சையை ஆராய்ச்சியின் அங்கமாக மட்டுமே செய்யலாம் என்று சொல்லிவிட்டது. லூபெக் வைத்தியர்கள் அறுபது நோயாளிகளைப் பன்னிரண்டு வருஷம் வரை தொடர்ந்து விசாரித்து, வலியும் வீக்கமும் ரத்தக்கட்டும் குறைந்த நிலை நீடித்திருக்கிறது என்று 2021இல் காட்டியிருந்தார்கள். எனினும் சிகிச்சை செய்துகொள்ளாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடாத ஆராய்ச்சி அது. பிரயோஜனமும் நோயாளியின் வாய்மொழியாலேயே அளக்கப்பட்டது. லண்டனின் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது.

பெர்லின் வேறு வழியில் சென்றது. ஜெர்மனியின் சட்டபூர்வமான ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் எதற்குப் பணம் தரவேண்டுமென்று நிர்ணயிக்கும் கூட்டுக் குழு, மூன்றாம் படியிலிருந்த நோயாளிகளுக்கு மட்டும், தாற்காலிகமாக, 2020 முதல் பணம் தரச் சம்மதித்து, அதே சமயத்தில் 450 ஸ்திரீகளைக் கொண்டு ஒப்பீட்டு ஆராய்ச்சியொன்றையும் நடத்தச் செய்தது. லிப்லெக் என்று பெயர்பெற்ற அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியினர் ரண சிகிச்சையும், மற்றொரு பகுதியினர் காலுறை முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றார்கள். ஒரு வருஷ முடிவில், ரண சிகிச்சை பெற்றவர்களுக்கே வலி தெளிவாக அதிகம் குறைந்திருந்தது. அதைக் கண்டு அக்குழு 2025 ஜூலையில், எல்லாப் படிகளிலுள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. ஆறு மாதம் மற்ற உபாயங்களைச் சரிவரச் செய்தும் குணம் காணாதவராயிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் எடை ஏறியிருக்கவும் கூடாது என்பவை நிபந்தனைகள். நோயாளியைக் காத்திருக்க வைக்காமலும், ஆதாரத்தைத் தேடுவதை நிறுத்தாமலும், இரண்டையும் ஒருசேரச் செய்த இந்த வழியே மனிதத்தன்மை மிக்கதென்று எனக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்தில் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பத்திரங்களில், அழகுக்கான சிகிச்சைக்குப் பணமில்லை என்ற விலக்கு பொதுவாக இருக்கிறது. உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க அவசியமென்று வைத்தியர் அத்தாட்சி தந்தால் அதற்கு விதிவிலக்கும் உண்டு. லிப்பெடீமாவை அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவருவது எளிதன்று. பெரும்பாலும் கைப்பணத்தைச் செலவிட வேண்டியிருப்பதால், ஏமாறுவதற்கும் இடம் அதிகம். "ஒரே அமர்வில் முடித்துவிடுவோம், காலுறைகூட வேண்டாம்" என்று சொல்லும் அழகுநிலையத்தில் கால் வைக்கக் கூடாது. வியாதி இன்னதென்று தீர்மானிப்பவர் ஒருவராகவும், கத்தியெடுப்பவர் வேறொருவராகவும் இருப்பது நல்லது. இதுவரை எத்தனை லிப்பெடீமா நோயாளிகளுக்குச் செய்திருக்கிறீர்கள், ஒரு அமர்வில் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள், லிடோகேயினின் அளவை என் எடைக்கு ஏற்ப எப்படிக் கணக்கிடுகிறீர்கள், அன்றிரவு ஏதாவது நேர்ந்தால் எந்த ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்ப்பீர்கள் என்ற நான்கையும் கேட்டு, நிதானமாகப் பதில் சொல்கிறவரிடமே போக வேண்டும். சிகிச்சைக்குப் பின் வலி குறையலாம், நடை லேசாகலாம், காலுறை சிலருக்குத் தேவையற்றதாகவும் ஆகலாம். வியாதி அடியோடு நீங்கியது என்று சொல்ல ஒருவராலும் இயலாது. எடை ஏறினாலோ ஹார்மோன் மாறினாலோ அது மீண்டும் தலைகாட்டக் கூடும்.

குடும்பத்தில் தாய்க்கோ பாட்டிக்கோ இத்தகைய கால் இருந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகளின் தொடையும் கெண்டைக்காலும் வலியோடு பருக்கத் தொடங்கினால், உடனே அவளைப் பட்டினி போடுவதும், "அம்மா கால்தான் உனக்கும்" என்று உறவினர் முன்னே பேசுவதும் செய்யத்தகாதவை. வளர்ச்சி முடியாத பெண்ணுக்குக் கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சைக்கு நல்ல வைத்தியர் எவரும் அவசரப்படமாட்டார். நீந்தக் கற்றுக்கொடுத்து, எடை மிஞ்சாமல் பார்த்துக்கொண்டு, கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் தொடையிலும் நாடாவை வைத்து வருஷத்துக்கொரு முறை அளவெடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்துவந்தால் அப்போதைக்குப் போதும். பிற்காலத்தில் அவள் கர்ப்பமுறும்போது, கால் பருப்பது கர்ப்பத்தின் சாதாரண வீக்கமா, இந்த வியாதி முற்றுவதா என்று மகப்பேறு வைத்தியர் ஆராய்வதற்கு அந்தக் குறிப்பு உதவும்.